பேணுதலின் பேரால் ஒரு பெரும் பிழை

பேணுதல் நம் மார்க்கத்தின் அணிகலன். ஐயத்திற்கு இடமானதை விட்டு விலகி நிற்பது நல்லடியார்களின் வழக்கம். அதில் இரு கருத்துக்கு இடமில்லை. ஆனால், அறிவைத் துணைக்கு அழைக்காமல் தனியே புறப்படும் பேணுதல், தான் எந்த அசுத்தத்தைக் கண்டு அஞ்சி ஓடுகிறதோ அதைவிடப் பெரிய அசுத்தத்தின் வாயிலில் மனிதனைக் கொண்டுபோய் நிறுத்திவிடும். இன்று நம் சமுதாயத்தில் அப்படியொரு பேணுதல் நடமாடுகிறது. அதைக் கண்டும் காணாதவர்போல் இருப்பது கல்வி கற்றவர்க்கு அழகன்று.

சிறுநீரகம் செயலிழந்தோர்க்கும், மாரடைப்பு வந்தோர்க்கும், சில வகைப் புற்றுநோய் கண்டோர்க்கும் மருத்துவர்கள் போடும் ஊசி மருந்துகள் சில, “எலியின் கருப்பையிலிருந்து எடுக்கப்பட்டவை, ஆகவே ஹராம், போட்டுக்கொண்டவரின் தொழுகை கூடாது” என்று ஒரு பேச்சு. திருமண வீட்டுத் திண்ணையிலும் அது கேட்கிறது, கைபேசியிலும் வருகிறது. சொல்பவர் யார், எந்தக் கிதாபைப் பார்த்துச் சொன்னார், எந்த மருத்துவரிடம் விசாரித்தார் என்று கேட்டால் விடை இல்லை. ஆனால் ‘ஹராம்’ என்ற சொல் மட்டும் இடிபோல் இறங்கி நோயாளியின் நெஞ்சில் தைத்துவிடுகிறது.

வாரம் இருமுறை டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஒரு தாய், “இந்த ஊசியைப் போட்டுக்கொண்டு தொழுதால் என் தொழுகை கூடுமா ஹஜ்ரத்?” என்று ஆள் அனுப்பிக் கேட்டார். கேள்வி என்னிடம் வந்து சேருமுன்பே ஊசியை நிறுத்தி இரண்டு மாதம் ஆகிவிட்டிருந்தது. இரத்தம் வற்றி, படியேற மூச்சு வாங்கி, இறுதியில் பிறருடைய இரத்தம் இரண்டு பாட்டில் ஏற்றப்பட்டது. எலிக்கு அஞ்சி ஊசியை விட்டவர் உடம்பில் இரத்தம் ஏறியது! இரத்தம் ஹராம் என்பது அருள்மறையின் வெளிப்படையான சட்டம். இந்த ஊசியைப் பற்றியோ எங்கும் ஒரு சொல் இல்லை. வெளிப்படையாக விலக்கப்பட்டதிடம் ஒரு நோயாளியைத் தள்ளிவிட்ட இதனைப் பேணுதல் என்று எப்படி அழைப்பது?

ஆகவே, முதலில் செய்தி என்ன என்று பார்ப்போம். பிறகு சட்டம் என்ன என்று பார்ப்போம். நம் இமாம்கள் காட்டிய ஒழுங்கு அதுதான். ஒரு பொருளின் தன்மையைச் சரியாக அறிந்துகொள்ளாமல் அதன்மீது தீர்ப்புக் கூறுவது உசூல் கலையின் அரிச்சுவடிக்கே மாறானது.

செய்தி என்ன?

பேச்சில் வரும் ‘எலி’ நம் வீட்டுக் கூரையில் ஓடும் எலியன்று. ஹாம்ஸ்டர் என்னும் சிறு பிராணி அது. சீனாவின் வயல்வெளிகளைச் சேர்ந்தது. கன்னத்தில் தானியம் சேர்க்கும் பை உடையது. எலியைப்போல் கொறிக்கும் இனம் என்பது உண்மை. 1919ஆம் ஆண்டிலேயே பெய்ஜிங் நகரில் நிமோனியாக் கிருமிகளைப் பிரித்தறியும் ஆய்வுக்கு இது பயன்பட்டது. 1948இல், சீனாவில் உள்நாட்டுப் போர் முற்றிய வேளையில், பத்து ஆணும் பத்துப் பெண்ணுமாக இருபது பிராணிகள் அமெரிக்காவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு அங்கே இனம் பெருக்கப்பட்டன. 1957இல் கொலராடோப் பல்கலைக்கழகத்தின் தியோடர் பக் என்னும் ஆய்வாளர், ஒரு பெண் ஹாம்ஸ்டரின் சினைப்பையிலிருந்து சிறு துண்டு எடுத்து அதன் உயிரணுக்களைக் கண்ணாடிக் கலத்தில் வளர்த்தார். கருப்பை வேறு, சினைப்பை வேறு. பேச்சைப் பரப்புவோர்க்கு இந்த வேறுபாடும் தெரியவில்லை.

உடலிலிருந்து பிரிந்த உயிரணுக்கள் பொதுவாகச் சில காலம் பெருகிப் பின் ஓய்ந்துவிடும். இவை ஓயவில்லை. ஊட்டநீர் கொடுத்தால் ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, இன்றுவரை பெருகிக்கொண்டே இருக்கின்றன. ஆய்வாளர் உலகில் இவற்றுக்கு ‘சி.எச்.ஓ.’ என்று பெயர். இன்று உலகில் எந்தத் தொழிற்கூடத்திலும் இந்த மருந்துக்காக ஹாம்ஸ்டர் அறுக்கப்படுவதில்லை. 1957இன் அந்த ஒரு துண்டிலிருந்து வந்த தலைமுறைகளே எல்லாம். அந்தத் துண்டில் இருந்த பொருளில் இன்று கண்ணில் படும் அளவுக்கு எதுவும் மிஞ்சியிருக்க வழியில்லை. இன்றுள்ள உயிரணுக்கள் சர்க்கரையும் உப்பும் அமினோ அமிலங்களும் கரைந்த ஊட்டநீரை உண்டு உருவானவை.

1980இல் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தின் கெயில் அர்லாப், லாரன்ஸ் சேசின் ஆகிய இருவரும் இவற்றில் ஒரு புதிய வகையை உண்டாக்கினர். உயிர்வாழத் தேவையான ஒரு நொதியைச் செய்யும் ஆற்றல் அவற்றுக்கு இல்லை. அந்த நொதிக்குரிய மரபணுவையும், நமக்கு வேண்டிய மனிதப் புரதத்திற்குரிய மரபணுவையும் சேர்த்து உள்ளே செலுத்தினால், அவற்றை ஏற்றுக்கொண்ட உயிரணு பிழைக்கும், ஏற்காதது மடியும். பிழைத்தது தன் உணவைத் தானே சமைத்துக்கொள்வதோடு, நாம் கேட்ட மனிதப் புரதத்தையும் செய்து ஊட்டநீருக்குள் விடும். இப்படி வளர்க்கும் எஃகுத் தொட்டிகளில் சில பத்தாயிரம் லிட்டருக்கு மேலும் கொள்ளும். பிறகு உயிரணுக்கள் வடிகட்டி அகற்றப்படுகின்றன. எஞ்சிய நீரிலிருந்து அந்தப் புரதம் மட்டும் பல படிகளாகப் பிரித்தெடுக்கப்படுகிறது. ஹாம்ஸ்டர் உயிரணுவின் புரதம் ஏதேனும் தங்கியிருந்தால், அது பத்து லட்சத்தில் நூறு பங்குக்கும் குறைவாக இருக்கவேண்டும் என்பது வழக்கமாகக் கொள்ளும் அளவுகோல்.

“பாக்டீரியாவைக் கொண்டு செய்யக்கூடாதா?” என்று கேட்கலாம். நல்ல கேள்வி. சர்க்கரை நோய்க்கான இன்சுலின் 1982 முதல் அப்படித்தான் வருகிறது. அதற்கும் ஹாம்ஸ்டருக்கும் தொடர்பில்லை. ஆனால், இன்சுலின் எளிய புரதம். இரத்தத்தைப் பெருக்கும் எரித்ரோபாய்டின் அத்தகையதன்று. அதன் எடையில் ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது பங்கு, புரதத்தின்மீது கிளைகிளையாக ஒட்டியுள்ள சர்க்கரைத் தொடர்கள். அவை இல்லையேல் உடல் அம்மருந்தை விரைவில் வெளியேற்றிவிடும். அந்தச் சர்க்கரைக் கிளைகளை மனித உடலில் உள்ளதைப்போல் ஒட்டும் திறன் சாதாரண பாக்டீரியாவுக்கு இல்லை. பாலூட்டிகளின் உயிரணுவுக்கு உண்டு. இதுதான் காரணம். ஹாம்ஸ்டர்மீது யாருக்கும் தனிக் காதல் இல்லை.

எதற்குப் பதிலாக இது வந்தது?

‘ஹராம்’ என்போர் ஒருமுறையும் கேட்காத கேள்வி இது. இந்த உயிரணு வருமுன் இதே மருந்துகள் எங்கிருந்து வந்தன?

எரித்ரோபாய்டினையே எடுத்துக்கொள்வோம். 1977இல் யூஜின் கோல்ட்வாசர் என்னும் ஆய்வாளர் மனித எரித்ரோபாய்டினை முதன்முதலாகத் தூய்மையாகப் பிரித்தெடுத்தார். எதிலிருந்து? ஜப்பானில் கடும் இரத்தசோகை கொண்ட நோயாளிகளிடமிருந்து சேகரித்த 2,550 லிட்டர் சிறுநீரிலிருந்து! கிடைத்ததோ சில மில்லிகிராம். மனிதச் சிறுநீர் நஜீஸ் என்பதைக் குழந்தையும் அறியும். 1989இல் ஹாம்ஸ்டர் உயிரணுவில் செய்த எரித்ரோபாய்டின் அமெரிக்காவில் மருந்தாக ஏற்கப்பட்டது. அதுவரை சிறுநீரக நோயாளிகளில் பலருக்கு அடிக்கடி இரத்தம் ஏற்றுவதே வழியாக இருந்தது.

ஹீமோஃபிலியா என்னும் நோய் உடையவர்க்கு இரத்தம் உறையாது. எட்டாம் உறைகாரணி என்னும் புரதம் வேண்டும். அதை ஆயிரக்கணக்கானோர் கொடுத்த இரத்தத்தின் நீரை ஒன்றாகக் கலந்து பிரித்தெடுத்தார்கள். 1980களில் அந்த வழியாகவே எய்ட்ஸ் கிருமி பல்லாயிரம் நோயாளிகளின் உடலில் ஏறியது. அவர்களில் பால்மணம் மாறாத பிள்ளைகளும் உண்டு. 1992இல் ஹாம்ஸ்டர் உயிரணுவில் செய்த எட்டாம் காரணி வந்தது. பிறர் இரத்தத்தை நம்பி வாழும் நிலை குறைந்தது.

காஷே நோய் என்னும் அரிய பிறவி நோய்க்கு 1991இல் வந்த மருந்து, பிரசவத்தின்பின் வெளிவரும் மனித நஞ்சுக்கொடியிலிருந்து எடுக்கப்பட்டது. 1994இல் அதனிடத்திற்கு வந்ததும் இதே உயிரணுவின் மருந்துதான். மனித உடலின் பகுதியை மருந்தாக்குவது குறித்து நம் ஃபுகஹாக்கள் எவ்வளவு கடுமையாகப் பேசியுள்ளார்கள் என்பது ஓதியவர்க்குத் தெரியும்.

இரத்தம், சிறுநீர், மனித உறுப்பு இம்மூன்றின் இடத்திற்கு இந்த உயிரணு வந்து நின்றிருக்கிறது. தூய்மையைத் தேடுபவன் மகிழவேண்டிய மாற்றம் இது. அதை அறியாமல், “எலி, எலி” என்று கூவுபவர்கள் நோயாளியைத் திரும்பவும் எங்கே அனுப்புகிறார்கள்? பிறர் இரத்தத்திடம் அனுப்புகிறார்கள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். டயாலிசிஸ் இயந்திரத்தின் குழாயில் இரத்தம் உறையாதிருக்க ஹெப்பரின் என்னும் மருந்தைச் சேர்ப்பது வழக்கம். உலகில் பெரும்பாலும் அது பன்றியின் குடலிலிருந்து எடுக்கப்படுகிறது. இதைச் சொல்வது யாரையும் அச்சுறுத்த அன்று. உயிர் காக்கும் நிர்ப்பந்தத்தில் அதற்கும் மார்க்கத்தில் இடமுண்டு என்பதைக் கீழே காண்போம். எலியைப் பற்றி ஊரெல்லாம் பேசியவர்கள், அதே கட்டிலின் அருகே இருந்த இதைப் பற்றி ஏன் ஒரு சொல்லும் சொல்லவில்லை? அவர்கள் விசாரிக்கவில்லை. காதில் விழுந்ததைச் சொன்னார்கள். அவ்வளவே.

சட்டம் என்ன?

எதிர்த்தரப்பின் வலுவான சான்றை நாமே எடுத்துவைப்போம். உயிருள்ள பிராணியிலிருந்து வெட்டி எடுத்த துண்டு, அப்பிராணி செத்தால் என்ன சட்டமோ அதே சட்டத்தைப் பெறும் என்று நபிமொழி வழியே வந்த விதி ஒன்று உண்டு. மதீனாவில் உயிருள்ள ஒட்டகத்தின் திமிலையும் ஆட்டின் வாலையும் அறுத்துத் தின்ற கொடிய வழக்கத்தைப் பெருமானார் (ஸல்) அவர்கள் கண்டித்த இடத்தில் அது வருகிறது. இதன்படி 1957இல் எடுத்த சினைப்பைத் துண்டு நஜீஸ் என்றே வைத்துக்கொள்வோம். வாதத்திற்காக அன்று, மெய்யாகவே ஒப்புக்கொள்வோம். அதனால் இந்த மருந்து ஹராமாகிவிடுமா?

தமிழகத்தின் உள்நாட்டு ஊர்களில் பெரும்பாலோர் ஹனஃபீ மத்ஹபினர். அம்மத்ஹபின் நூல்களில் ஓர் உவமை புகழ் பெற்றது. உப்பளத்தில் ஒரு கழுதை விழுந்து செத்து, காலப்போக்கில் உப்பாகவே மாறிவிட்டால், அந்த உப்புத் தூய்மையானது. பொருளின் மூலம் மாறிவிட்டால் சட்டமும் மாறும் என்பது இமாம் முஹம்மது (ரஹ்) அவர்களின் கருத்து; ஃபத்வாவும் அதன்படியே. முழுக் கழுதையே உப்பாகித் தூய்மை பெறுமானால், ஒரு துண்டின் வழித்தோன்றல்களான உயிரணுக்கள், சர்க்கரை நீரைக்கொண்டு செய்து, தம் உடலுக்கு வெளியே விட்டு, அதிலிருந்து வடித்தெடுத்த மனிதப் புரதத்தை எலி இறைச்சி என்று எப்படிச் சொல்வது?

கடற்கரை ஊர்களில் ஷாஃபியீ மத்ஹபினர் மிகுதி. இம்மத்ஹபு மாற்றத்தின் வாயிலைக் குறுக்கியே வைத்துள்ளது. தானே காடியாக மாறிய மது, பதனிட்ட தோல் போன்ற சிலவற்றுக்கே அது இடம் தருகிறது. அதை மறைத்துவிட்டு நான் வாதாடப் போவதில்லை. ஆனால், அதே மத்ஹபில் வேறு வாயில்கள் திறந்தே இருக்கின்றன. நஜீஸான எருவில் முளைத்த பயிர் தூய்மையானது. கண்ணுக்குத் தெரியாத அளவு நஜீஸ், ஈயின் காலில் ஒட்டி வருவதைப்போன்றது, மன்னிக்கப்பட்டது. இவற்றை ஃபத்ஹுல் முஈன் ஓதும் மாணவன் அறிவான்.

எல்லாவற்றுக்கும் மேலாக, தூய்மையான மாற்று மருந்து கிடைக்காதபோது, போதைப்பொருள் அல்லாத நஜீஸைக் கொண்டு மருத்துவம் செய்யலாம் என்று இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் மஜ்மூஃ என்னும் பெருநூலில் தெளிவாக்கியுள்ளார்கள். உரைனா கூட்டத்தார் நோயுற்றபோது ஒட்டகத்தின் பாலையும் சிறுநீரையும் அருந்தப் பெருமானார் (ஸல்) அவர்கள் பணித்த செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது, அதுவே அடிப்படை. விலக்கப்பட்டதில் நிவாரணம் இல்லை என்னும் கருத்தில் வரும் ஹதீஸ்களைத் தூக்கிப் பிடிப்போர் உண்டு. அவை போதைப்பொருளையும், தேவையின்றி விலக்கப்பட்டதை நாடுவதையும் குறிப்பவை என்று அறிஞர்கள் இணக்கம் கண்டுவிட்டார்கள்.

இனி, அந்தத் தாய் கேட்ட கேள்வி: தொழுகை கூடுமா? முறிந்த எலும்பை ஒட்டவைக்கத் தூய்மையான எலும்பு கிடைக்காமல் நஜீஸான எலும்பைக் கொண்டு ஒட்டவைத்தவன் மன்னிக்கப்பட்டவன். அவன் தொழுகை நிறைவேறும். இது மின்ஹாஜில் உள்ள மஸ்அலா. கையில் தொட்டு உணரும் எலும்புக்கே இந்தச் சலுகை. உயிரணுவே இல்லாமல் வடித்தெடுத்த துளி மருந்துக்கு என்ன ஐயம்? அம்மையாரே, உங்கள் தொழுகை கூடும். தயங்காமல் ஊசியைப் போட்டுக்கொண்டு தொழுங்கள். எத்தனை ஊசி, எந்த அளவு என்பதை மட்டும் மருத்துவரிடம் விடுங்கள்.

இது என் தனிக் கருத்தன்று. 1995இல் குவைத்தில், இஸ்லாமிய மருத்துவ அறிவியல் அமைப்பு ஃபிக்ஹு அறிஞர்களையும் மருத்துவர்களையும் ஒரே அவையில் அமர்த்தி, உணவிலும் மருந்திலும் கலக்கும் நஜீஸ்களைப் பற்றி ஆராய்ந்தது. மூலம் மாறிய பொருளுக்குப் பழைய சட்டம் நிற்காது என்னும் கோட்பாட்டை அந்த அவை ஏற்றது. அவர்கள் செய்ததில் நாம் கற்கவேண்டியது முடிவை மட்டுமன்று, முறையையும்தான். ஆலிம் மருத்துவரிடம் கேட்டார். மருத்துவர் ஆலிமிடம் கேட்டார். நம் ஊர்களில் ஆலிமும் மருத்துவரும் ஒரே தெருவில் இருந்தும் சந்திப்பது ஜனாஸாவில்தான்.

யாருக்கு என்ன கடமை?

இந்தப் பேச்சைப் பரப்புவோரில் ஒரு சாரார் வணிகர். மருத்துவமனை ஊசி ஹராம் என்ற மூச்சிலேயே, “எங்கள் கருஞ்சீரக எண்ணெய் வாங்குங்கள்” என்பார்கள். கருஞ்சீரகத்தின் சிறப்பை நாமும் அறிவோம், நபிமொழியை மதிக்கிறோம். ஆனால், நெஞ்சடைத்து விழுந்தவனுக்கு இரத்தக் கட்டியைக் கரைக்க இருக்கும் நேரம் சில மணிகளே. 1987இல் அமெரிக்காவில் ஏற்கப்பட்டு, இந்த உயிரணுவிலிருந்து வந்த முதல் மருந்தென்னும் பெயர் பெற்றது அந்தக் கட்டி கரைக்கும் ஊசிதான். அந்த நேரத்தில் அதைத் தடுத்துவிட்டு எண்ணெய்ப் புட்டியை நீட்டுபவன் நபிவழி மருத்துவன் அல்லன். அல்லாஹ்வின் திருப்பெயரை விலைச்சீட்டாக்கியவன்.

இன்னொரு சாரார் மெய்யான அச்சமுடைய எளிய மக்கள். அவர்களைக் குறை கூற நாவெழவில்லை. குறை நம்மிடம், மதரஸாக்களில் ஓதிக்கொடுக்கும் எங்களிடம் இருக்கிறது. ஷாஃபியீ மத்ஹபின் பேரறிஞர் தமீரீ (ரஹ்) அவர்கள் கெய்ரோவில் இருந்துகொண்டு, பிராணிகளைப் பற்றி ‘ஹயாத்துல் ஹயவான்’ என்னும் பெருநூல் எழுதினார்கள். ஒவ்வொரு பிராணிக்கும் பெயர், இயல்பு, சட்டம், மருத்துவப் பயன் எல்லாவற்றையும் வரிசைப்படுத்தினார்கள். அந்நூலைத் தலைமாட்டில் வைத்திருக்கும் நாம், உயிரணு என்றால் என்ன என்று மாணவன் கேட்டால் விழிக்கிறோம். தஹாரத் பாடத்தில் கிணற்றில் விழுந்த எலிக்கு எத்தனை வாளி நீர் இறைப்பது என்று பல நாள் ஓதுகிறோம். மருந்துக் குப்பியில் இருப்பது என்னவென்று ஒரு நாளும் ஓதுவதில்லை. கிணறுகள் தூர்ந்துவிட்டன, குப்பிகள் வீடுதோறும் வந்துவிட்டன.

மருத்துவம் படித்த நம் பிள்ளைகளுக்கும் ஒரு சொல். அச்சத்தோடு கேட்கும் நோயாளியைப் பார்த்து நகைக்காதீர்கள். “உம்மா, இது எலியின் இறைச்சியன்று, நம் சிறுநீரகம் செய்யும் அதே பொருள்” என்று இரண்டு நிமிடம் ஒதுக்கிச் சொன்னால் ஓர் உயிர் பிழைக்கும்.

கேள்வி கேட்கவே கூடாது என்று சொல்லவில்லை. கேட்க வேண்டியவை உண்டு. ஊட்டநீரில் விலங்குப் பொருள் சேர்கிறதா? முன்பெல்லாம் கன்றின் இரத்தநீர் சேர்த்தார்கள்; இன்று அது இல்லாத ஊட்டநீரே பெரிதும் பழக்கத்தில் உள்ளது. அதே பயன் தரும் தூய்மையான மாற்று இருக்கிறதா? விட்டுவிட்டால் உயிருக்கோ உறுப்புக்கோ கேடு வருமா? இவற்றை உரியவரிடம் கேட்டுத் தெளிந்த பின் எழுவதே பேணுதல். கேட்காமல் எழுவது வீண் ஐயம், வஸ்வாஸ்.

ஹலாலை ஹராமாக்குவது, ஹராமை ஹலாலாக்குவதைவிடச் சிறிய பாவம் என்று எவரும் எண்ணவேண்டாம். இரண்டும் இறைவனின் அதிகாரத்தில் கை வைப்பதுதான். அறியாத ஒருவர் திண்ணையில் உதிர்த்த ஒரு சொல்லுக்காக, ஒரு வீட்டில் ஓர் உம்மா மூச்சு வாங்கிக்கொண்டு கிடக்கிறாள். மறுமையில் அந்தச் சொல்லுக்குப் பொறுப்பேற்பவர் யார்?

அறிந்து பேசவும், அறியாததைக் கேட்டுத் தெளியவும், தெளியும்வரை வாய்மூடி இருக்கவும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.